மாற்றிய பிறகும் கசியும் ஹெட் கேஸ்கெட்

சொந்தக் கையால் ஹெட்டை இறக்கி, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டை முறுக்கி, வண்டியை ஓட்டிப் பார்த்தாயிற்று. சில நாளில் மறுபடியும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. அல்லது ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் ஈரம் தெரிகிறது. உடனே மனதில் வருவது, ‘கேஸ்கெட் சரியில்லை, வேற ஒண்ணு வாங்கிப் போடணும்’ என்பதுதான். அந்த இரண்டாவது கேஸ்கெட்டை வாங்குவதற்கு முன் படிக்க வேண்டிய அத்தியாயம் இது. கேஸ்கெட் என்பது இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் மெல்லிய தகடு. தானாக எதையும் பிடித்து நிறுத்தும் பலம் அதற்குக் கிடையாது. பரப்புகள் மட்டமாக இருந்து, போல்ட்டுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்தினால் அது அடைக்கும். இல்லையென்றால் எந்தக் கம்பெனித் தயாரிப்பும் அடைக்காது. புதிதாகப் போட்டது சீக்கிரமே கசிந்தால், முதல் கேஸ்கெட்டைக் கெடுத்த காரணம் இன்ஜினுக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது, அல்லது மாட்டும்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நியாயம். முதலில் அந்தக் காரணத்தைத் தேட வேண்டும்.

அந்தத் தகடு எவ்வளவு பெரிய விசையைத் தாங்குகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாங்காய், தேங்காய், பால் கேன், சத்திரப்பட்டி பேண்டேஜ் பொதி என்று எதை எடுத்தாலும் குட்டி யானையில்தான் ஏறுகிறது. குட்டி யானை என்று நாம் சொல்லும், 2005-இல் வந்த டாடா ஏஸின் முதல் இன்ஜின் 702 சிசி, இரண்டு சிலிண்டர், டீசல். சிலிண்டரின் விட்டம் 75 மில்லிமீட்டர்; அதாவது பரப்பு சுமார் 44 சதுர சென்டிமீட்டர். டீசல் எரியும்போது உள்ளே அழுத்தம் 70 பார் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 3 டன். நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அந்தத் தள்ளல் நடக்கிறது. இதைத் தாங்குவது போல்ட்டுகளின் இழுவிசை. அந்த இழுவிசை ஒரு மூலையில் குறைந்தால், அந்த இடத்தில் ஹெட் மயிரிழை அளவு தூக்கிக்கொண்டு இறங்கும். புகை அந்த வழியே போய்ப் போய், கேஸ்கெட்டில் சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தை எரித்துவிடும். எரிந்த பிறகு மேலே எவ்வளவு முறுக்கினாலும் பலன் இல்லை.

இவ்வளவு நுணுக்கம் பார்க்காமல் எத்தனையோ பேர் கேஸ்கெட் மாற்றி வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. நம் பக்கத்தில் இன்ஜின் வேலை பழகிய கைகள் பெரும்பாலும் கிணற்று டீசல் பம்ப்செட்டிலும் பழைய டிராக்டரிலும் பழகியவை. அங்கே ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிளாக்கும் வார்ப்பிரும்பு. இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரியும். பம்ப்செட்டில் ஒரே சிலிண்டர், சின்ன ஹெட், சுற்றிலும் நாலு ஸ்டட். கேஸ்கெட்டோ தடிப்பான, மெதுவான வகை. சிறு மேடு பள்ளத்தை அதுவே விழுங்கிக்கொள்ளும். ஹெட்டை எமரி ஷீட்டில் தேய்த்து, கை அளவுக்கு முறுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி ஒரு முறுக்கு முறுக்கினால் போதும். அந்த இன்ஜினுக்கு அந்த முறை சரி. அதே கைப்பழக்கத்தை அலுமினிய ஹெட் உள்ள கார், வேனுக்குக் கொண்டுவரும்போதுதான் வேலை கெடுகிறது. தவறு ஆளின் திறமையில் இல்லை. ஒரு வகை இன்ஜினின் விதி வேறு வகைக்குச் செல்லாது, அவ்வளவுதான்.

அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 300 மில்லிமீட்டர் நீள ஹெட் ஒன்று 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் அலுமினியம் சுமார் 0.41 மில்லிமீட்டர் நீளும். அடியில் உள்ள இரும்பு பிளாக் 0.20 மில்லிமீட்டர்தான் நீளும். இடையிலுள்ள 0.2 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு இரண்டு பரப்பும் கேஸ்கெட்டின் மேல் உரசி வழுக்குகின்றன, ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும், ஒவ்வொரு முறை ஆறும்போதும். பரப்பில் எமரி கீறல் இருந்தால் அது கேஸ்கெட்டின் மேல்பூச்சை அரம்போல் அறுக்கும். ஹெட் ஒருமுறை கடுமையாக ஹீட் ஆகியிருந்தால் கதை இன்னும் மோசம். போல்ட் பிடித்திருப்பதால் விரிய இடமில்லாத அலுமினியம் நடுவில் நசுங்கி, ஆறியபின் வளைந்த நிலையிலேயே நிற்கும். கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும்.

ஹெட்டைத் திரும்ப இறக்குவதற்கு முன், உண்மையிலேயே கசிவது ஹெட் கேஸ்கெட்தானா என்று உறுதி செய்யுங்கள். வேலை முடித்த முதல் சில நாளில் பொய்யான அறிகுறிகள் நிறைய வரும். ஹெட்டைத் தூக்கும்போது தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் ஆயில் போகும் துளைகளிலும் இறங்கியிருக்கும். ஆயில் மாற்றாமல் ஸ்டார்ட் செய்தால் டிப்ஸ்டிக்கில் மோர் நிறம் தெரியும். அது பழைய தண்ணீராகவே இருக்கலாம். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி மோரானால்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சைலன்சரில் தேங்கிய ஈரம் காலையில் வெள்ளை ஆவியாக வரும். இன்ஜின் நன்றாகச் சூடானபின் நின்றுவிட்டால் பயமில்லை. ரேடியேட்டரில் வரும் குமிழியும் முதலில் ஏர் லாக்காக இருக்கலாம். சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள குட்டி யானை, ஆம்னி போன்ற வண்டிகளில் ஹோஸ் நீளம். காற்று தங்கிக்கொள்ள இடம் அதிகம். பக்கவாட்டில் ஈரம் தெரிந்தால், மேலே டேப்பெட் கவர் பேக்கிங்கிலிருந்து வழிந்த ஆயிலா, தெர்மோஸ்டாட் மூடியிலிருந்து சொட்டிய தண்ணீரா, வாட்டர் பம்ப்பின் அடித்துளையா என்று பாருங்கள். துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டால் ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பது பொடியில் பட்டென்று தெரியும். சாக்பீஸ் ஒரு ரூபாய் வேலை. வீணாக ஹெட் இறக்குவது ஒரு முழு நாள் வேலை.

நிஜமான கசிவைப் பிடிக்க நாலு சோதனை உண்டு. முதலாவதற்குக் கருவியே வேண்டாம். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை நிரப்புங்கள். வாட்டர் பம்ப்பை ஃபேன் பெல்ட் சுழற்றும் வண்டியானால் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாது. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே, விடாமல் குமிழி வந்து ரேஸ் கொடுக்கக் கொடுக்க அதிகமானால், அது எரிந்த புகை. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படி ஓட்டாதீர்கள். சூடான இன்ஜினில் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். இரண்டாவது, ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 0.9 பார், காற்றேற்றி கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. முள் இறங்கியும் வெளியே எங்கும் சொட்டாவிட்டால் தண்ணீர் உள்ளேதான் போகிறது. மூன்றாவது கம்ப்ரஷன். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுப்பாலத்தில் கேஸ்கெட் வெடித்திருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் வால்வு, ரிங் என்று வேறு சந்தேகமும் வரும். நாலாவது, ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீல மருந்துக் குழாய். உள்ளே புகை கலந்தால் மருந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். சோதனைகளில் குமிழி உறுதியாகி, கேஸ்கெட்டில் எரிந்த தடமே இல்லை என்றால், ஹெட்டிலோ சிலிண்டரிலோ கீறல் இருக்கலாம். அப்போது ஹெட்டைப் பட்டறையில் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

இறக்குவது முழுக்க ஆறிய இன்ஜினில் மட்டும். சூட்டில் போல்ட்டைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளையும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு போல்ட்டாகக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். எந்தப் போல்ட் லேசாகக் கழன்றது என்று சாக்பீஸால் குறித்து வையுங்கள். அது பின்னால் சாட்சி சொல்லும். எடுத்த கேஸ்கெட்டைக் குப்பையில் போடக் கூடாது. முன்பக்கம் எது, மேல்பக்கம் எது என்று குறித்து, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சிலிண்டர் வளையத்திலிருந்து தண்ணீர்த் துளை வரை கரிக்கோடு போயிருந்தால் புகை சென்ற வழி அதுவே. வளையத்தின் அழுத்தத் தடம் ஒரு பக்கம் பளபளவென்று ஆழமாகவும் மறுபக்கம் தொட்டும் தொடாமலும் இருந்தால், பரப்பு வளைவு அல்லது போல்ட் பிடி குறைவு. தடம் சுற்றிலும் சீராக இருந்தும் ஒரு துளையின் ஓரம் மட்டும் கிழிந்திருந்தால், கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டிருக்கலாம், அல்லது வேறு மாடலுக்கான கேஸ்கெட்டாக இருக்கலாம். டீசல் இன்ஜின்கள் பலவற்றில் ஒரே மாடலுக்கே இரண்டு மூன்று தடிமனில் கேஸ்கெட் வரும். ஓரத்தில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் எண்ணிக்கை தடிமனைச் சொல்லும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்துதான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய டிராக்டர் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பாமல் நனைத்துச் சுரண்டுங்கள்.

இனி அளவு. நேரான மட்டக்கட்டையை ஹெட்டின் மேல் நீளவாக்கில், குறுக்கில், இரண்டு மூலைவிட்டத்தில் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். சின்ன அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மில்லிமீட்டர் என்பது பரவலான எல்லை. உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. ஹெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலோர் மறப்பது பிளாக்கின் மேல்பரப்பை. ஹெட்டை ஃபேஸிங் போட்டு, அதாவது பரப்பைச் சீவி மட்டமாக்கி, கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு, போல்ட் துளையைச் சுற்றி மேடுதட்டிய பிளாக்கில் வைத்தால் பயன் என்ன? வெட் லைனர் உள்ள இன்ஜினில் லைனர் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதும் அளவில் அடங்கும். ஒரு லைனர் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டர்தான் மறுபடி மறுபடி கசியும்.

ஃபேஸிங்குக்கு எதிராகச் சொல்லப்படுவது இரண்டு: செலவு, ஹெட் தேய்ந்துவிடும் என்ற பயம். இரண்டாவதில் நியாயம் உண்டு. அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் ஏறும், டீசலில் வால்வு பிஸ்டனில் இடிக்கும் அபாயமும் வரும். சில இன்ஜின்களில் கம்பெனியே ஃபேஸிங் கூடாது என்கிறது. ஆகவே அளந்து பார்த்து, எல்லைக்குள் இருந்தால் தொடாதீர்கள். மீறினால் தேவையான அளவு மட்டும் எடுக்கச் சொல்லி, எடுத்த அளவை எழுதி வாங்குங்கள். பட்டறையில் சர்ஃபேஸ் கிரைண்டரில் போடுகிறார்களா, எமரி ஷீட்டில் கையால் தேய்க்கிறார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல அடுக்கு எஃகுத் தகட்டு கேஸ்கெட்டுக்குக் கைத்தேய்ப்பு போதாது. டிரில்லில் மாட்டும் நார் டிஸ்க்கால் பளபளக்கத் தேய்ப்பது அதைவிடக் கெடுதல்: பரப்பில் குழி விழும், உதிரும் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் ஆட்களுக்கே இதைச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது.

போல்ட் விஷயத்தில்தான் கைப்பழக்கம் அதிகம் ஏமாற்றும். டார்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் முறுக்கில் பாதி போல்ட் தலையின் அடியில் உரசியே போய்விடும். இன்னொரு பெரும்பங்கு மரையில் போய்விடும். ஹெட்டைப் பிடிக்கும் இழுவிசையாக மாறுவது பத்தில் ஒரு பங்குதான். மரையில் துருவும் பழைய ஆயில் கசடும் இருந்தால் அந்தப் பத்தில் ஒன்றும் குறைகிறது. ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லும், நாமும் முறுக்கியாயிற்று என்று நம்புவோம். உள்ளே போல்ட் பாதிதான் இழுத்திருக்கும். ஆகவே மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துளைக்குள் டேப்பை மெல்ல ஓட்டி, காற்றடித்துக் காயவையுங்கள். அடி மூடிய துளையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் அதை நசுக்க முடியாமல் நின்றுவிடும். பலம் போட்டால் பிளாக்கே பிளக்கும். மரையில் ஆயில் தடவ வேண்டுமா என்பதை மேனுவல் சொல்லும். அதில் நம் விருப்பத்துக்கு இடமில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று கட்டமாக முறுக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் ‘90 டிகிரி திருப்பு’ என்று மேனுவல் கேட்டால் அந்தப் போல்ட் நீண்டு கொடுக்கும் வகை. அவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை போட்டால் முடிந்தது, புதுசுதான் வேண்டும். ‘500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி டைட் வை’ என்பது பழைய மெது கேஸ்கெட்டுக்கான விதி. டிகிரி கணக்கில் திருப்பும் போல்ட்டுக்கு அதைச் செய்தால் போல்ட் அறுந்து கையில் வரும்.

‘இரண்டு பக்கமும் அனபாண்ட் பசை தடவிவிடு’ என்ற யோசனை எங்கும் கிடைக்கும். ஆயில் சம்ப்புக்கும் டைமிங் கவருக்கும் அது நல்ல பொருள். ஆனால் 70 பார் அழுத்தத்திலும் எரியும் டீசலின் சூட்டிலும் எந்தப் பசையும் நிற்காது. மேலும் அது கேஸ்கெட்டை வழுக்கவிட்டு, பிதுங்கிய துணுக்கு தண்ணீர்த் துளையையோ ஆயில் துளையையோ அடைக்கும். மேனுவல் குறிப்பிடும் மூலைகளில் ஒரு சொட்டு வைக்கலாம், அவ்வளவுதான். ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்புப் பொடியும் அப்படியே. வெளியே ஊசிமுனைக் கசிவு என்றால் ஊர் போய்ச் சேர உதவும். புகை கசிவை அடைக்காது, ரேடியேட்டர் குழாய்களைத்தான் அடைக்கும். சந்தையில் டூப்ளிகேட் கேஸ்கெட் உலவுகிறது என்ற வாதம் வலுவானது, மறுக்கவில்லை. பில்லோடு வாங்குங்கள், தடிமனையும் துளைகளையும் பழையதன் மேல் வைத்து ஒப்பிடுங்கள். ஆனால் அசல் கேஸ்கெட் வாங்குவது அளந்து பார்ப்பதற்கு மாற்றாகாது. போலி என்று சந்தேகம் வந்தாலும் மட்டக்கட்டை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும், முதல் முறை ஏன் ஹீட் ஆனது என்பதற்கு விடை இல்லாமல் மாட்டினால் மூன்றாவது கேஸ்கெட்டும் போகும். நம் பக்கம் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட். ‘இது என்ன ஊட்டியா, இந்த வெயிலுக்கு எதற்கு?’ என்று கழற்றி எறிந்திருப்பார்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி வரும். சமதளத்தில் தெரியாது. திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை 744-இல் செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு மலைப்பாதையில் சுமையோடு ஏறும்போது தெரியும். அடுத்தது ரேடியேட்டர் மூடி. 0.9 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி இருந்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்த மூடியில் 100-லேயே கொதித்துவிடும். மூடியின் விலை கேஸ்கெட் வேலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கூலண்ட் குளிர்நாட்டுச் சரக்கு என்ற எண்ணமும் தவறு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை, அலுமினியத்தை அரிப்பிலிருந்து காப்பது இன்னொரு வேலை. போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றினால் சூடுபடும் இடத்தில் சுண்ணாம்பு படிந்து தண்ணீர் வழியைக் குறுக்கும். கடைசியாக ரேடியேட்டரின் வெளிப்பக்கம். நூற்பு மில்லுக்கும் பேண்டேஜ் கிடங்குக்கும் போய்வரும் வண்டியில் பஞ்சுத் தூசி இடுக்குகளில் கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். டிராக்டரில் வைக்கோல் தூசி. உள்ளே புதுத் தண்ணீர் இருந்தும் காற்று நுழையாமல் சூடு ஏறும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவான தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அதிக அழுத்தம் இடுக்குத் தகடுகளை மடித்துவிடும்.

மாட்டி முடித்ததும் வண்டியின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் திறந்துவைத்து, கூலண்டை மெல்ல ஊற்றி, ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே காற்றுப்பை இருந்தால் டெம்பரேச்சர் சென்சார் ஆவியில் நிற்கும், முள் ஏமாற்றும். முள் பாதியில் இருக்கும்போதே ஹெட் வெந்துகொண்டிருக்கும். அதனால் தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டரின் கீழ் ஹோஸும் சூடாகிறதா என்று கையை அருகில் வைத்துப் பாருங்கள். முதல் ஓட்டம் வெறும் வண்டியாக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போதும். சுமார் 12 கிலோமீட்டர், ஏற்றமில்லாத சாலை. அங்கே முழுக்க ஆறவிட்டு அளவு பார்த்து, குறைந்ததை நிரப்பித் திரும்புங்கள். முதல் தடவை கொஞ்சம் குறைவது தங்கியிருந்த காற்று வெளியேறியதால். மூன்றாவது தடவையும் குறைந்தால்தான் கவலை. ஒரு வாரம் தினமும் காலையில் மூடி திறந்து மட்டத்தையும், டிப்ஸ்டிக் இழுத்து ஆயில் நிறத்தையும் பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மட்டம் அசையாமல் நின்றபின் பாதிச் சுமை ஏற்றுங்கள். செங்கோட்டை மலை லோடு அதற்கு அடுத்த வாரம்.